கோவிவனுக்கு ஒரு கல்

ஆறு வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து தென் அமெரிக்காவில் ஒருவருக்குப் பார்சல் அனுப்பினோம். உள்ளே ஒரு டி-ஷர்ட், ஒரு காபிக் குவளை, நாலைந்து ஸ்டிக்கர், எங்கள் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட நன்றிக் கடிதம். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ரொம்ப மரியாதையான மின்னஞ்சல். பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, எடுக்க வரி கட்டச் சொல்கிறார்கள், அந்தப் பணத்துக்கு இங்கே நாலு டி-ஷர்ட் வாங்கலாம், நீங்கள் தவறாக நினைக்காவிட்டால் அதை அங்கேயே விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி. சீட்டில் எக்ஸ்எல் என்று போட்டிருக்கிறது, எனக்கு மீடியம்தான் சரியாக இருக்கும்.

இரண்டு வருடமாக எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு பைசா வாங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சம்பளம் வாங்கிய எங்களில் பலரைவிட அவருக்கு அந்த மென்பொருள் நன்றாகத் தெரியும். அவருக்கு மரியாதை செய்யப் போய் அபராதம் போட்டுவிட்டு வந்தோம்.

அந்தப் பரிசுப் பட்டியலைத் தயாரித்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் என் கடன் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 2010-இல் தரமணிப் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. ஏழு பேர், ஒரே ஒரு ஏசி. ஒரு பதிப்பகத்துக்காக இணையத்தில் புத்தகம் விற்கும் தளம் செய்துகொண்டிருந்தோம். தலைப்புகள் எல்லாம் தமிழ். உள்ளே போகும்போது தமிழாகப் போகும், வெளியே எடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். பட்டியல் முழுக்கக் கேள்விக்குறி. "என்னம்மா, நம்ம பதிப்பாளருக்கு எல்லாப் புத்தகத்து மேலயும் சந்தேகமா?" என்று முதலாளி சிரித்தார். முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

நிரலாளர்கள் ஒருவர் சந்தேகத்தை ஒருவர் தீர்த்துவைக்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் போய்க் கேட்டேன். ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008 செப்டம்பரில் திறந்த அந்தத் தளத்துக்கு அப்போது இரண்டு வயது. நான் கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தமிழ் வரமாட்டேன் என்கிறது, அவசரம், தயவுசெய்து உதவுங்கள் என்கிற ரகம். இரண்டு பேர் வந்து மைனஸ் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்தார். ஹெக்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் போட்டு அந்த இடத்தில் உண்மையில் என்ன பைட் இருக்கிறது, அதாவது எழுத்துக்காகக் கணினி வைத்திருக்கும் எண் என்ன, என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். 3எஃப் 3எஃப் 3எஃப் என்று வந்தால் உள்ளே கிடப்பதே கேள்விக்குறிதான், எழுத்து போய்விட்டது. ஈ0 ஏஈ என்று வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, காட்டுகிற இடத்தில்தான் கோளாறு. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் எண்ணாக்கி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்றுதான் ஆரம்பிக்கும். 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் எனக்கு இதைச் சொல்லித் தந்தார்.

பார்த்தேன். ஒரு டேபிளில், அதாவது தரவு அட்டவணையில், ஈ0 ஏஈ. முதல் வாரத்தில் அவசரமாக நான் உருவாக்கியிருந்த இன்னொரு டேபிளில் முழுக்க 3எஃப். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், நாங்கள் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அப்போதெல்லாம் லத்தீன் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும், வரிசைப்படுத்த ஸ்வீடன்காரர்களின் அகரவரிசையை வைத்துக்கொள்ளும். பிறந்த ஊர்ப் பாசம். 2018-இல் எட்டாம் பதிப்பு வந்த பிறகுதான் இது மாறியது. லத்தீன் டேபிளுக்குள் தமிழைத் தள்ளினால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிடும். நகல் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வழி இல்லை, வருந்துகிறேன், இது எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும் என்றார். முந்நூறு சொச்சம் தலைப்புகள். இரண்டு ராத்திரி.

அவர் அதோடு நிற்கவில்லை. என் கேள்வியை எடுத்துத் திருத்தி எழுதினார். அவசரத்தை நீக்கினார், தலைப்பை மாற்றினார், நான் சொல்ல மறந்த பதிப்பு எண்ணைப் பின்னூட்டங்களிலிருந்து எடுத்து மேலே வைத்தார். போட்ட மைனஸில் ஒன்று திரும்பிப் போனது. அடுத்த வருடங்களில் இந்தியிலும் தாய்லாந்து மொழியிலும் இதே கேள்விக்குறியில் மாட்டிக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான் கேட்ட கேள்வி என்று எனக்கு அதில் புள்ளி வேறு ஏறியது. திருத்தியவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

உருகிப்போய் நான் ஒரு பின்னூட்டம் எழுதினேன். நன்றி, நீங்கள் என் வேலையைக் காப்பாற்றினீர்கள் என்று. மறுநாள் அதைக் காணோம். நன்றி சொல்வதற்காக மட்டும் பின்னூட்டம் போடக்கூடாது, அது இரைச்சல், பிடித்திருந்தால் மேல்நோக்கிய அம்பை அழுத்துங்கள் என்பது அங்கே விதி. விதியின் நியாயம் எனக்கும் புரிகிறது. பத்தாயிரம் பேர் நன்றி எழுதினால் பத்தாயிரத்தொன்றாவது ஆளுக்குப் பதில் கண்ணில் படாது. ஆனாலும் ஓர் ஊரில் நன்றி என்று வாய்விட்டுச் சொல்வது ஒழுங்கீனம் என்று வைத்துவிட்டால், அந்த ஊரில் நன்றிக்குப் பதிலாக என்ன புழங்கும்? எண் புழங்கும்.

அந்த எண் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த வருடமே எனக்குப் பிடித்துக்கொண்டது. நம் பதிலுக்கு ஒருவர் அம்பு போட்டால் 10 புள்ளி. கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15. அம்பினால் ஒரு நாளைக்கு 200-க்கு மேல் வராது. அந்த நாள் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் முடிந்து புதிதாகத் தொடங்கும், அதாவது நமக்குக் காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட் வருகிற நேரம். இரவே 200-ஐத் தொட்டுவிட்டவர்கள் ஐந்தரைக்காகக் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்திருக்கிறேன். அம்மா ஒரு நாள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, விடியறதுக்குள்ள எழுந்து எந்த ஊர்க்காரனுக்கோ பாடம் எடுக்கிறியே, காசு தருவானா?" என்றார். இல்லைம்மா, பாயிண்ட் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

புள்ளி வேட்டையில் முதலில் கற்றுக்கொள்வது வேகம். கேள்வி வந்த அரை நிமிடத்தில் ஒரு வரி எழுதிப் போட்டுவிட வேண்டும், அப்புறம் ஐந்து நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் அதை வளர்த்துக்கொள்ளலாம். முதலில் வந்த பதில்தான் முதலில் அம்பு வாங்கும். இரண்டாவது பாடம், சுலபமான கேள்வியாகப் பார்த்து எடுப்பது. கமா விட்டுப்போன கேள்விக்கு ஐம்பது பேர் அம்பு போடுவார்கள், ஏனென்றால் அந்தக் கமாவை ஐம்பதாயிரம் பேர் விட்டிருப்பார்கள். மூன்று நாள் உட்கார்ந்து ஒருவருடைய விசித்திரமான நினைவகக் கசிவைக் கண்டுபிடித்துத் தந்தால் ஓர் அம்பு வரும், அவரிடமிருந்து. சிலசமயம் அவரும் மறந்துவிடுவார்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அப்போது கூகுளில் வேலை பார்த்த ஜான் ஸ்கீட் 2018 ஜனவரியில் பத்து லட்சம் புள்ளியைத் தொட்ட முதல் ஆளானார். சி-ஷார்ப் என்ற நிரல் மொழி பற்றி அவர் எழுதிய பதில்களைப் படித்தவர்களுக்கு அது எண்ணுக்காக எழுதியது இல்லை என்று தெரியும். சுலபமான கேள்விக்கும் அந்த மொழியின் வரையறை என்ன சொல்கிறது என்று காட்டி எழுதுவார். ஆனால் அவரைப் போன்ற ஒருவரை எண் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது என்பதால், எண் எல்லோரையும் கண்டுபிடிக்கும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். என் பட்டியல் தவறியது அங்கேதான்.

பட்டியல் போட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இணையதளங்களுக்கும் மூத்தது. 1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூசர்வ் என்ற கணினிவழிச் சேவையில், ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் வேலை செய்யும் நிரலாளர்கள் கூடிப் பேசுவார்கள். அங்கே கால்வின் ஹ்சியா என்றொருவர், யார் எத்தனை செய்தி எழுதினார், யாருக்கு எத்தனை வந்தது என்று எண்ணும் ஒரு சின்ன நிரல் எழுதினார். கால்வினின் பட்டியல் என்றே அதற்குப் பெயர். மாதாமாதம் யார் முதலில் என்பது அங்கே வேடிக்கைப் பேச்சு. அந்த மென்பொருளைச் செய்த ஃபாக்ஸ் நிறுவனத்தை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து, நமக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் இவர்கள்தானே என்று பிடித்துக்கொண்டார்கள். இப்படி உதவுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும், 1993-இல் வந்த எம்விபி விருது அதிலிருந்து கிளைத்தது என்பது பழைய ஃபாக்ஸ்ப்ரோ ஆட்கள் சொல்லும் கதை. கால்வினே பிற்பாடு மைக்ரோசாஃப்டில் சேர்ந்துவிட்டார்.

அந்த விருதில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. அது கடந்த வருடம் செய்ததற்குத் தரப்படுவது. இனிமேல் இத்தனை செய்தால் இது தருவோம் என்கிற ஒப்பந்தம் அதில் கிடையாது. கேட்க அற்ப வித்தியாசம்போல இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முன்கூட்டியே அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 அக்டோபரைப் பார்த்தால் போதும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் அக்டோபர்தோறும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடத்தி வந்தது. 2020-இல் நிபந்தனை இதுதான்: யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல நிரல்களுக்கு நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். நல்ல எண்ணம்தான். அந்த வருடம் வெள்ளம் வந்தது. அறிமுகப் பக்கத்தில் இந்த நிரல் பிரமாதம் என்று ஒரு வரி சேர்ப்பது, ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி வைப்பது, இப்படி ஆயிரக்கணக்கில். அந்த நிரல்களைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர்கள் தங்கள் மாலை நேரத்தை இந்தக் குப்பையை மூடுவதில் செலவழித்தார்கள். சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள், விருப்பம் தெரிவித்த நிரல்களுக்கு மட்டும்தான் என்று. நான் பார்த்த குப்பையில் நம் ஊர்ப் பெயர்கள் நிறைய இருந்தன. வெட்கமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், இரண்டாம் வருடம் படிக்கிற பையனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டி-ஷர்ட் வீட்டுக்கு வரும் என்று சொன்னது யார்? நான்கு என்று எண்ணிக்கை சொன்னது யார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நன்றி தாராளமாக வழிந்து, அது கூலியின் வாசனை அடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்துக்கு அது நடந்தது. அரட்டை அறைகளையும் செய்திப் பலகைகளையும் கவனித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தார்கள். பதிலுக்கு இணைப்புக் கட்டணம் கிடையாது. சரி, நல்லதுதானே. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி, ஷிஃப்ட், செய்த வேலைக்கு அறிக்கை எல்லாம் இருந்தது. 1999-இல் முன்னாள் தன்னார்வலர்கள் சிலர், இது வேலைதான், குறைந்தபட்சக் கூலி எங்கே என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். பதினோரு வருடம் இழுத்து 2010-இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த 1999 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்காரர்கள் எம்விபி திட்டத்தையே நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி பரவியது. ஏஓஎல் வழக்கைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று பேச்சு. மைக்ரோசாஃப்ட் மேலதிகாரிகளின் பெட்டிகளில் மின்னஞ்சல் குவிந்தது, மூன்றே நாளில் திட்டம் திரும்பி வந்தது. சம்பளம் வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள்தான், பெயரை எடுத்துவிடாதே என்று சண்டை போட்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நம் கல்யாண வீடுகளில் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுகிற மாமாவுக்குப் பணம் கொடுத்துப் பாருங்கள், ஜென்மத்துக்கும் வீட்டு வாசல் மிதிக்கமாட்டார். போட்டோவில் அவரை விட்டுவிட்டாலும் மிதிக்கமாட்டார்.

இனி என் பட்டியல். எங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு டெவலப்பர் சமூகம் இருந்தது. வருட இறுதி வருகிறது, நன்றாக உதவுகிறவர்கள் இருபது பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். நான் ஒரு க்வெரி, அதாவது தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளை, எழுதினேன். யார் எத்தனை பதில் எழுதினார்கள், எத்தனை ஏற்கப்பட்டன, இறங்குவரிசை, முதல் இருபது. நான்கு வரி. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. கால்வினின் பட்டியலேதான், இருபத்தைந்து வருடம் கழித்து.

பட்டியலை அனுப்பிய மறுநாள் எங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்த ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். "அக்கா, இதுல ஒருத்தர் பேரு இல்லையே?" என்றார். அவர் சொன்ன பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. தேடினேன். அந்த வருடம் அவர் எழுதிய பதில்கள் பதினொன்று. பதினொன்றுதானே என்றேன். "பதில் எழுதமாட்டாருக்கா. கேள்வியைச் சரி பண்ணுவார்" என்றார்.

அந்த மாலை முழுக்க அவர் செய்ததைத் தேடிப் படித்தேன். புதிதாக வருகிறவர்கள் படம்பிடித்து ஒட்டிய எரர் செய்தியை இவர் எழுத்தாக அடித்து வைப்பார், மற்றவர்கள் தேடினால் கிடைக்க வேண்டுமே என்று. கோபத்தில் எழுதிய கேள்விகளில் கோபத்தை மட்டும் எடுத்துவிட்டு விஷயத்தை வைப்பார். இது ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்று மற்றவர்கள் கதவைச் சாத்தும் இடத்தில் இவர் வந்து, ஆமாம் கேட்டாகிவிட்டது, ஆனால் உங்களுடையதில் இந்த ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதனால் அங்கே மூன்றாவது பதிலைப் பாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். மூன்று வருடத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் திருத்தங்கள். ஒன்றுக்கும் புள்ளி கிடையாது.

இது எங்கள் இடத்தின் குறை மட்டும் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதியவர் ஒருவர் பரிந்துரைக்கும் திருத்தத்துக்கு 2 புள்ளி உண்டு. 2,000 புள்ளி வந்து, யாரையும் கேட்காமல் திருத்தும் தகுதி வந்தபின் திருத்தத்துக்கு ஒன்றுமே இல்லை. திருத்தத்துக்கென்று சில பதக்கங்கள் உண்டு, 500 திருத்தத்துக்குத் தங்கப் பதக்கம், அவ்வளவுதான். பின்னூட்டத்தில் ஒருவரை ஒரு மணி நேரம் வழிநடத்தினாலும் பூஜ்யம். அங்கே முறை தெளிவாக இருக்கிறது, பதில் என்பது சரக்கு, மற்றதெல்லாம் கூட்டிப் பெருக்குவது. என் கேள்விக்குறிக் கேள்வியைத் திருத்தியவர் நினைவுக்கு வந்தார். அவரையும் இந்த க்வெரி பிடித்திருக்காது.

பட்டியலில் இருபத்தோராவதாக அவரைச் சேர்த்தோம். எதற்காக என்று காரணம் எழுதும் கட்டத்தில், சிறந்த பங்களிப்புக்காக என்று நான் எழுதினேன். மற்ற இருபது பேருக்கும் அதையேதான் எழுதியிருந்தேன். ஒரே வாக்கியம், இருபத்தொரு தடவை ஒட்டியது. தெரு முக்கில் மேடை போட்டு வரிசையாகப் பொன்னாடை போர்த்துகிறார்களே, எதற்கு என்று போர்த்துகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, ஆனால் போட்டோவுக்கு இருவரும் சிரிப்பார்கள். அந்த மாதிரி.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். செங்கம் பக்கம் நடுகற்கள் நிறைய. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்தது. வில்லும் கத்தியுமாக அவன் நிற்க, பக்கத்தில் ஒரு நாய் நிற்கும். நாய்க்கு என்று தனியாக ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு.

அந்த வரியை நான் முதலில் படித்தது இந்தப் பட்டியல் விவகாரம் எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து, வேறு எதையோ தேடும்போது. படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். நாயின் பெயர் இருக்கிறது. கடித்தது எத்தனை பேரை என்று இருக்கிறது. இரண்டு. பல கள்ளர்களை என்று இல்லை. கடித்துவிட்டுப் போய்விடவில்லை, காத்திருந்தது என்றும் இருக்கிறது. சிறந்த பங்களிப்புக்காக என்று எந்தக் கல்தச்சனும் வெட்டவில்லை. உளியால் ஒவ்வோர் எழுத்தாக வெட்ட வேண்டிய காலத்தில் ஒரு நாய்க்கு இவ்வளவு விவரம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு விசைப்பலகை இருந்தது, காப்பி பேஸ்ட் பண்ணினேன்.

நிரலாளர்களிலும் இதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கணினி அறிவியலின் மூத்த பேராசிரியர் டொனால்ட் கனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்புவார். பதினாறை அடியாக வைத்து எண்ணும் கணினி முறையில் 256-ஐ 100 என்று எழுதுவார்கள், அதனால் 256 சென்ட் அந்தக் கணக்கில் ஒரு டாலர் என்பது அவருடைய வேடிக்கை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை வங்கியில் போடவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். காசோலைகளின் படம் இணையத்தில் சுற்றி அதிலிருந்த வங்கிக் கணக்கு எண்ணால் திருட்டு நடக்கவும், 2008-இல் உண்மைக் காசோலையை நிறுத்திவிட்டு சான் செரீஃப் வங்கி என்ற இல்லாத வங்கியின் சான்றிதழாக மாற்றினார். மதிப்பு ஒரு சல்லிக்காசு குறையவில்லை. ஏனென்றால் மதிப்பு, இன்ன பக்கத்தில் இன்ன பிழையை நீ கண்டுபிடித்தாய், நான் படித்துப் பார்த்தேன், நீ சொன்னது சரி என்பதில் இருந்தது. அவரே உட்கார்ந்து படித்தார் என்பதில் இருந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இன்னும் எளிமை. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் வரிவரியாக இருக்கும். புகார் சொன்னவர் இன்னார், சோதித்துப் பார்த்தவர் இன்னார், படித்துச் சரிபார்த்தவர் இன்னார். தன் பழைய லேப்டாப்பில் திரை மினுக்குகிறது என்று சொல்லி, அனுப்பிய திருத்தத்தைப் போட்டுப் பார்த்து, ஆமாம் நின்றுவிட்டது என்று பதில் எழுதியவர் ஒரு வரிகூட நிரல் எழுதியிருக்கமாட்டார். ஆனாலும் அந்த மாற்றம் இருக்கும்வரை அவர் பெயரும் அதன் காலடியில் இருக்கும். புள்ளி இல்லை, தரவரிசை இல்லை, டி-ஷர்ட் இல்லை, சுங்கமும் இல்லை.

அடுத்த வருடப் பட்டியலுக்கு நான் க்வெரி எழுதவில்லை என்று சொன்னால் பொய். எழுதினேன். கூடவே உதவிப் பிரிவுப் பெண்ணிடமும் இன்னும் ஐந்தாறு பேரிடமும் போய், நாளை முதல் யார் வரவில்லை என்றால் உங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும் என்று கேட்டேன். வந்த பெயர்களில் பாதி என் க்வெரியில் இல்லை. பார்சலை நிறுத்தினோம். ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதுவது என்று முடிவு செய்தோம். இருபது பேருக்கு எழுதி முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. மேலாளருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஏழு வாரத்துக்கு என்ன ரிட்டர்ன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அதற்கடுத்த வருடம் அந்தப் பொறுப்பு மார்க்கெட்டிங்குக்குப் போய்விட்டது, இப்போது டிஜிட்டல் பதக்கம் தருகிறார்கள். லிங்க்டின்னில் போட்டுக்கொள்ளலாம். வேலை தேடுகிறவர்களுக்கு அது உதவுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பட்டியலில் இருந்த ஒரு மாணவருக்கு உண்மையாகவே உதவியது.

இப்போது இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. 2022 நவம்பர் கடைசி நாள் சாட்ஜிபிடி வந்தது. அது எழுதித் தந்த பதில்களைக் கொண்டுவந்து கொட்டிப் புள்ளி சேர்க்க ஆட்கள் கிளம்பினார்கள், ஒரே வாரத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதைத் தடைசெய்தது. புள்ளிக்காக எழுதுவது என்றால் இயந்திரம் நன்றாகவே எழுதும். அப்புறம் கேள்விகளே குறைய ஆரம்பித்தன. இன்று தமிழ் ஏன் கேள்விக்குறியாக வருகிறது என்று இயந்திரத்திடம் கேட்டால், ஹெக்ஸ் போட்டுப் பாருங்கள் என்று அதுவே சொல்கிறது. யாரிடமிருந்து கற்றுக்கொண்டது? அங்கே எழுதப்பட்டதெல்லாம், எடுத்தால் எழுதியவர் பெயரைச் சொல்லவேண்டும் என்ற உரிமத்தின் கீழ் எழுதப்பட்டது. எனக்கு உதவியவர் பெயரை எந்த இயந்திரமும் எனக்குச் சொன்னதில்லை. என்னாலும் சொல்ல முடியாது. போன வருடம் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தேன். பதில் இருக்கிறது, அவர் கணக்கு இல்லை. கணக்கை மூடிவிட்டால் பெயர் போய் 'பயனர்' என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் நிற்கும். எப்போது மூடினார், ஏன் மூடினார், தெரியாது.

அன்றைக்கு ராத்திரி தென் அமெரிக்காக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எனக்கு அந்த நிறுவனத்தோடு இப்போது எந்தத் தொடர்பும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கானாவிலிருந்து ஒரு மாணவர் எங்கள் மென்பொருள் இணைய மறுக்கிறது, பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று வந்ததை நினைவுபடுத்தினேன். நாங்கள் எல்லோரும் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் மட்டும் மூன்று நாள் அவரோடு இருந்தீர்கள், அவர் ஆங்கிலம் தடுமாறியபோதெல்லாம் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினீர்கள், மூன்றாம் நாள் உங்கள் கணினியில் இப்போது தேதி என்ன என்று கேட்டீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய் அவர் கணினி 2009-இல் இருந்தது. 2009-இல் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரி வாங்க அன்று கடை இல்லை என்று அவர் சொன்னதும், கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதியைத் தானாகச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தந்தீர்கள். அதை நான் அன்றே பார்த்தேன், அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்படி எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கடிதம் கண்டதில் சந்தோஷம் என்று ஒரு வரி. அப்புறம், நீங்கள் சொன்னதும் அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன், என் ஸ்கிரிப்டில் நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன், கானாவுக்கும் கிரீன்விச்சுக்கும் ஒரே நேரம் என்பதால் அவருக்கு வேலை செய்திருக்கிறது, வேறு ஊர்க்காரர் யாராவது எடுத்துப் போட்டிருந்தால் தப்பாகக் காட்டியிருக்கும், இப்போது திருத்திவிட்டேன், முடிந்தால் இந்திய நேரத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன். மறுநாள் அந்தப் பதிலின் அடியில் ஒரு வரி சேர்ந்திருந்தது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் சோதித்துப் பார்த்தவர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.